பதினொரு பேருக்கு ஏழு பெல்ற்

1

காலையிலிருந்து கல் அடிக்கிற சத்தம். ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் எங்கள் தெருவைக் கிளறிப் போட்டிருக்கிறார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிய தார் ஊற்றும்வரைக்கும் சரளையைப் பரப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு கார் போகும்போதும் கற்கள் துள்ளி அதன் அடித்தகரத்தில் அறைகின்றன. சட், சட், பிறகு ஒரு பெரிய சடார். முதல் காருக்கே என் கையிலிருந்த தேநீர் தளும்பி மேசையெல்லாம் ஊற்றுண்டது.

பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தொந்தரவு. நகரசபைக்குப் போன் பண்ணப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது வடக்கு. தூசு, ஊசியிலை மரங்களின் பிசின் மணம், தூசுக்குள்ளிருந்து உருண்டு வரும் ஒரு லொறி. அந்த ரோட்டில்தான் இன்றைக்கும் என் மகள் தர்சினி இருக்கிறாள். போன வருடம் போனவள் இந்த மே மாதமும் போய்விட்டாள்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். இந்த நாட்டில் காடு என்பது ஓர் இடமல்ல, ஒரு திசை. ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு பகல் முழுதும் ஓடினாலும் அது முடியாது. அங்கே கம்பெனிகள் மரம் வெட்டுகின்றன. வெட்டிய வெளியில் திரும்பக் கன்று நடவேண்டும் என்பது சட்டம். கோடை விடுமுறையில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் போய், கூடாரத்தில் தங்கி, இடுப்பில் கன்றுப் பையும் கையில் மண்வெட்டியுமாக நடுகிறார்கள். அந்த இடங்களுக்குப் போகிற ரோடு மரலொறிகளுக்காக வெட்டப்பட்டது. தார் கிடையாது, விளக்குக் கிடையாது, வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று சொல்ல ஒரு கண்ணாடி கிடையாது. காடு அரசாங்கத்தினுடையது. ரோட்டைப் போட்டது கம்பெனி. அதில் போகிற பிள்ளைகளுக்குப் பொறுப்பு யார் என்று நான் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

2

போன வருடம் ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ரெலிபோன் எடுத்தாள். நடுகிற பிள்ளைகளுக்குக் கிழமையில் ஒருநாள் ஓய்வு. அன்றைக்குப் பக்கத்து ரவுணுக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே உடுப்புத் தோய்க்கிற கடை வாசலில் ஒரு போன் பெட்டி.

"அம்மா, டோன்ற் ஃப்றீக் அவுட். ஒண்டுமில்லை. வான் கொஞ்சம் சரிஞ்சது."

"சரிஞ்சதெண்டா?"

"ஸைட்டாலை. பள்ளத்துக்கை. ஐ ஆம் ஃபைன். தோள்மூட்டு கண்டிப்போச்சு, அவ்வளவுதான்."

"எப்ப?"

"போன புதன்."

புதன்கிழமை விழுந்த வானைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிகிறது. நான் விமானங்களுக்குச் சாப்பாடு பொதி பண்ணுகிற தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அங்கே ஒருத்திக்கு விரல் நுனி வெட்டுப்பட்டாலே மூன்று பத்திரம் நிரப்புவார்கள், வீட்டுக்குப் போன் பண்ணுவார்கள். என் பிள்ளை காட்டுக்குள் ஒரு வானுக்குள் தலைகீழாகக் கிடந்திருக்கிறாள். கம்பெனியில் ஒரு ஆளுக்கு எங்கள் வீட்டு இலக்கத்தை அழுத்தக் கை வரவில்லை.

கேட்டதற்குத் தர்சினி சொன்னாள்: "அம்மா, நான் பத்தொன்பது. தே டோன்ற் ஹாவ் ரு கோல் யூ."

என் கணவரின் தங்கை எங்களுக்குப் பக்கத்தில் வோபர்னில் இருக்கிறாள். அவளுக்கு எப்படித்தான் செய்தி போனதோ, அன்று பின்னேரமே போன்.

"என்ரை அண்ணையின்ரை ஒரே பெட்டை. அதைக் கனடாவுக்குக் கொண்டுவந்து காட்டிலை விட்டிட்டியள். மரம் நடத்தான் ஆசையெண்டா வீட்டுக்குப் பின்னாலை ஒரு கறிவேப்பிலைக் கண்டை நட்டிருக்கலாமே."

"இந்தக் குளிருக்குக் கறிவேப்பிலை பிழைக்காது மச்சாள்."

"பெட்டை மட்டும் பிழைப்பாளோ?"

எனக்குக் கோபம் வந்தது. போனை வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன். இவர் ஏற்கெனவே சுவரில் வரைபடத்தை ஒட்டவைத்து, அந்த ரோட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அது மயிரிழைபோல ஒரு புள்ளிக்கோடு, நடுக்காட்டில் போய் நின்றுவிட்டது.

"வெள்ளிக்கிழமை லீவு எடுப்பம். போய்க் கூட்டிக்கொண்டு வருவம்" என்றார்.

"வரமாட்டனெண்டா?"

"பிள்ளையைக் கேக்கவே போறம்?"

3

வெள்ளி விடிய எங்கள் வானில் புறப்பட்டோம். கூல் பொக்ஸ் நிறைய இடியப்பமும் சொதியும் மீன் பொரியலும். சட்பரி தாண்டியபிறகு வானொலியில் சத்தம் தேய்ந்து, பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. பாறை, ஏரி, மரம். பாறை, ஏரி, மரம். இவ்வளவு நிலத்தை வைத்துக்கொண்டு ஏன் எங்களை ஸ்காபரோவில் மாடிக்கு மேல் மாடியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று இவர் கேட்டார். அந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல ஆளில்லை.

தார் ரோட்டிலிருந்து மரரோடு பிரிகிற இடத்தில் ஒரு சிறு கடை இருந்தது. பெற்றோல், ஐஸ், தூண்டிலுக்கு மண்புழு எல்லாம் ஒரே மேசையில். எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வண்டியின் கூரையில் ஒரு வள்ளம், பின்னால் அமெரிக்க இலக்கத்தகடு. கடைக்காரர் அவர்களோடு மீனைப் பற்றிப் பேசிச் சிரித்து அனுப்பிவைத்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"கூடாரம் அடிக்கப் போகிறீர்களா? அப்படியானால் அனுமதிச்சீட்டு வாங்கவேண்டும். நாட்டுக்கு வெளியில் வசிக்கிறவர்கள் அரசாங்கக் காட்டில் தங்குவதானால் கட்டாயம்."

"நாங்கள் ரொறன்ரோவிலிருந்து வருகிறோம்" என்றேன்.

"அது சரி. வசிப்பது எந்த நாட்டில்?"

ரொறன்ரோ எந்த நாட்டில் இருக்கிறது என்று நான் கேட்பதற்குள் இவர் காற்சட்டைப் பையிலிருந்து பிரசாவுரிமை அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டிவிட்டார். அந்த நீட்டலைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்காரர் அட்டையை அப்படியும் இப்படியும் திருப்பினார், படத்தையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்தார், முகம் மலர்ந்தார். அப்படியானால் உங்களுக்கு இலவசம், ஒரே இடத்தில் இருபத்தொரு நாள்வரைக்கும் தங்கலாம், இது உங்களுடைய காடு, சந்தோசமாகப் போய்வாருங்கள் என்றார்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "என்னத்துக்கப்பா உடனை அட்டையைத் தூக்கிக் குடுத்தனீங்கள்?"

"கேட்டாக் காட்டுறதுதானே."

"அவர் கேட்கவேண்டிய ஆக்கள் முன்னுக்கு ஐஸ் வாங்கிக்கொண்டு போயிட்டினம்."

"நீர் சும்மா வாரும். ஒவ்வொரு இடத்திலையும் நிண்டு சண்டை பிடிச்சா எப்ப போய்ச் சேருறது?"

இப்போதும் எனக்கு ஆறவில்லை. நாங்கள் யார் என்று அறிய அந்த மனிதருக்கு அவ்வளவு நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் மரலொறிகள் கிழமைக் கடைசி நடையை முடிக்கிற அவசரத்தில் வரும், வழிவிட இன்ன இடத்தில் ஒதுங்குங்கள் என்று சொல்ல ஒரு நிமிடம் இருக்கவில்லை. ரோட்டு வாசலில் ஒரு பலகை நின்றது. யாரோ அதைத் துவக்கால் சுட்டுப் பழகியிருந்தார்கள். ஓட்டைகளுக்கு நடுவில் வாசித்தோம்: விளக்கைப் போட்டு ஓட்டவும். சொந்தப் பொறுப்பில் செல்லவும். அதற்குக் கீழே, லொறிகள் தமக்குள் பேசிக்கொள்ள ஒரு ரேடியோ அலைவரிசை. ரேடியோ இல்லாதவர்கள் என்ன செய்யவேண்டும் என்று பலகை சொல்லவில்லை.

4

இவர் சொற்கேட்டு நடக்கிற மனிதர். பலகையில் சொன்னபடி விளக்கைப் போட்டார், மெதுவாக ஓட்டினார். கல் வானின் அடியில் அறைந்துகொண்டே வந்தது. பேசினால் கேட்காது. மரங்களில் கிலோமீற்றர் இலக்கங்களை ஆணியடித்து வைத்திருந்தார்கள். சூரியன் இறங்காமல் மரங்களுக்கு மேலேயே தொங்கிக்கொண்டு நின்றது. எங்களுக்குப் பின்னால் நாங்களே கிளப்பிய தூசு ஒரு சுவர்போல எழும்பி வந்தது.

ஒரு வளைவு. எதிரே இன்னொரு தூசுச் சுவர். அதற்குள் முதலில் மஞ்சள் விளக்குகள் ஒரு வரிசையாகத் தெரிந்தன. பிறகு ஒரு பெரிய கறுப்பு உருவம்.

சண்டைக்காலத்தில் ஊரில் வாகனம் ஓட்டிய எவருக்கும் இதற்குமேல் நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. எதிரே பெரிய வண்டி, தூசு, மங்கல் வெளிச்சம். என்ன செய்யவேண்டும்? முன்விளக்கை அணைக்கவேண்டும், ஆமிக்காரரின் கண்ணில் அடிக்கக்கூடாது. உள்விளக்கைப் போடவேண்டும், முகம் தெரியவேண்டும். தூரத்திலேயே நிறுத்தவேண்டும். கையை அவர்கள் பார்க்கிற இடத்தில் வைக்கவேண்டும். அசையக்கூடாது.

இவர் அத்தனையும் செய்தார். முன்விளக்கு அணைந்தது. கூரை விளக்கு எரிந்தது. ரோட்டின் நடுவில் வான் நின்றது. இரண்டு கைகளும் ஸ்ரியரிங்கின் மேல் விரித்தபடி. எட்டு வருடத்துக்கு முன்பே இவர் கனடா வந்துவிட்டார், அந்தக் கைகள் இன்னும் வந்து சேரவில்லை.

நான் மட்டும் என்ன? கைப்பையைத் திறந்து என் அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தேன். பேசவேண்டியிருக்கவில்லை. இரண்டு பேருக்கும் மனப்பாடம்.

அதன்பிறகு கேட்டது ஹோர்ன். அப்படியொரு சத்தத்தை நான் கப்பலில்தான் கேட்டிருக்கிறேன். லொறி எங்களைச் சோதிக்க வரவில்லை. அது எங்களைக் காணவே இல்லை. கண்டபோது தன் பக்கத்து விளிம்புக்கு ஒதுங்கியது. சக்கரங்கள் புல்லில் ஏறின. அடுக்கிய மரங்கள் எங்கள் கண்ணாடியோடு ஒரு சாண் தூரத்தில் ஓடின, ஓடின, முடியாமல் ஓடின. பக்கக் கண்ணாடி பிய்ந்து போனது. முன்கண்ணாடியில் ஒரு கல் விழுந்து வலை பின்னியது. பிறகு தூசு மட்டும். இவருடைய கைகள் அப்போதும் ஸ்ரியரிங்கின்மேல் விரித்தபடியே இருந்தன.

லொறி எங்கேயோ தூரத்தில் போய் நின்றது. சாரதி நடந்து வந்தார். வெள்ளைத் தாடி, வெளிறிப்போன முகம். கோபத்தில் வருகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து வானின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அது பயம் என்று கண்டேன்.

"ஏன் லைற்றை அணைத்தாய்?" என்று இவரைக் கேட்டார். "கண்டேன், ஒரு லைற்றைக் கண்டேன், பிறகு காணவில்லை. திரும்பிப் போய்விட்டாய் என்று நினைத்தேன். ஏன் அணைத்தாய்?"

இவர், "சொறி, சேர். சொறி, சேர்" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதானால் ஒரு நாட்டின் கதையையே சொல்லவேண்டும். அதற்கு எங்களிடம் ஆங்கிலமும் இல்லை, அவரிடம் நேரமும் இல்லை.

மரம் ஏற்றின லொறி நினைத்த இடத்தில் நிற்காது என்றார். நாங்கள் எல்லோரும் எந்தக் கிலோமீற்றரில் வருகிறோம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே வருவோம், ரேடியோ இல்லாத ஆட்கள் இந்த ரோட்டுக்கு வரவே கூடாது என்றார்.

"என் மகள் ஒவ்வொரு நாளும் இந்த ரோட்டில் போகிறாள்" என்றேன். "மரம் நடுகிறவள்."

அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "அவர்களின் இரண்டு வண்டியில் ஒன்றில்தான் ரேடியோ இருக்கிறது. பின்னால் வருகிற வானில் இல்லை. நாங்களும் கம்பெனிக்குச் சொல்லிப் பார்த்துவிட்டோம்."

சொல்லிவிட்டுத் தன் லொறிக்கு நடந்தார். நான் ரோட்டின் நடுவில் நின்றேன். பயமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது.

5

முகாம் ஒரு கைவிட்ட சரளைக்கல் குழிக்குள் இருந்தது. வட்டமாகக் கூடாரங்கள், நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு பெரிய தறப்பாள், அதைச் சுற்றி மொய்த்துக் கடிக்கிற கறுப்பு இலையான்கள். தர்சினி எங்களைக் கண்டதும் கையிலிருந்த கோப்பையை அப்படியே கீழே வைத்தாள். முகம் கறுத்து, கழுத்தெல்லாம் கடிபட்டு வீங்கியிருந்தது.

"ஓ மை கோட். அப்பா? என்ன நடந்தது கண்ணாடிக்கு?"

"ஒண்டுமில்லை பிள்ளை. கல்லு" என்றார் இவர்.

"நீங்கள் ஏன் வந்தனீங்கள்?"

"உன்னைக் கூட்டிக்கொண்டு போக" என்றேன். சுற்றி வளைக்க எனக்குத் தெம்பு இல்லை.

அவள் தன் கூடாரத்துக்குக் கூட்டிப்போனாள். சட்டையைத் தோளிலிருந்து விலக்கிக் காட்டச் சொன்னேன். கழுத்திலிருந்து முழங்கைவரைக்கும் ஊதா, மஞ்சள், பச்சை. அவ்வளவுதான் என்று போனில் சொன்னாளே, அந்த அவ்வளவுதான் இதுதான்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஒரு லொறிக்கு வழிவிட வான் ஒதுங்கியபோது ரோட்டு விளிம்பு மழையில் அரித்துப் போயிருந்தது. வான் சரிந்தது. இருக்கைக்குப் பின்னால் கட்டாமல் போட்டிருந்த மண்வெட்டிகள் எல்லாம் முன்னால் பறந்து வந்தன. சீற் பெல்ற் இல்லாமல் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அவளுடைய தோளில் விழுந்தது ஒரு பெற்றோல் கலன். வானில் ரேடியோ இல்லை. யாரையும் கூப்பிட முடியாது. இன்னொரு லொறி வரும்வரைக்கும் ரோட்டோரத்தில் இருந்தார்களாம், பாட்டுப் பாடிக்கொண்டு.

"பாட்டோ?"

"வேறை என்னம்மா செய்யிறது?"

அன்று அவளுடைய கூடாரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கும் ஒரு கூடாரம் அடித்துத் தந்தாள். எனக்கு உள்ளே போக மனம் வரவில்லை. அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஷெல்லுக்குப் பயந்து ஓடிப்போய், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நீலத் தறப்பாளுக்குக் கீழே மழைக்குள் படுத்திருக்கிறோம். அதிலிருந்து பிள்ளையை வெளியே எடுக்கத்தானே இத்தனை கடல் தாண்டினோம். அவள் இப்போது தன் காசில் தறப்பாள் வாங்கி, தானாகப் போய் அதற்குள் படுக்கிறாள்.

என் முகத்தை அவள் வாசித்திருக்கவேண்டும். "அம்மா, இது வேறை. இஞ்சை ஒருத்தரும் எங்களைத் துரத்தயில்லை" என்றாள்.

இடியப்பத்தை எல்லோருக்கும் பகிர்ந்தாள். கைல் என்கிற குழுத்தலைவனுக்கு மட்டும் கொடுக்காதே என்று சொன்னேன். என்ன சின்னப்பிள்ளை வேலை இது என்று கேட்டுவிட்டு அவனுக்கும் கொடுத்தாள்.

6

காலையில் பிள்ளைகள் வானில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விழுந்த அதே வான். நெளிந்த கதவைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். ஒவ்வொருவராக எண்ணினேன். பதினொரு பேர். எட்டிப் பார்த்துப் பெல்ற்றையும் எண்ணினேன். ஏழு. அதில் ஒன்று கயிறு. மண்வெட்டிகள் மறுபடியும் பின்னால் சும்மா கிடந்தன. அவற்றின்மேல் பெற்றோல் கலன்.

"கைல்" என்றேன். "பதினொரு பேர். ஏழு பெல்ற். ஏன்?"

கோபம் வந்தால் என் ஆங்கிலத்தில் வினைச்சொல் எல்லாம் உதிர்ந்துவிடும். பெயரும் எண்ணும் கேள்வியும்தான் மிஞ்சும். அன்று அது போதுமாக இருந்தது.

கைலுக்கு இருபத்துமூன்று வயது இருக்கும். தாடி சரியாக முளைக்கவில்லை. இரண்டு தரம் மேலிடத்தைக் கேட்டுவிட்டதாகச் சொன்னான். வானுக்கு ரேடியோவும் கேட்டானாம், இன்னொரு வானும் கேட்டானாம். அடுத்த கிழமை என்றார்களாம்.

"எந்தக் கிழமைக்கு அடுத்த கிழமை?"

அவன் தன் சப்பாத்தைப் பார்த்தான்.

நான் நடந்துபோய், குழியிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற வாயில், வானுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்துகொண்டேன். நேற்றுப் படித்த பாடம், ரோட்டில் உட்காரவில்லை. வான் கடக்கவேண்டிய வாயில்தான் உட்கார்ந்தேன்.

தர்சினி பாய்ந்து இறங்கி வந்தாள். "அம்மா! எழும்புங்கோ. யூ ஆர் எம்பறஸிங் மீ."

"நீ எங்களோடை வா. எழும்புறன்."

"நான் வரேல்லை."

"அப்ப நானும் எழும்பேல்லை."

அவள் எனக்கு முன்னால் குந்தினாள். குரலைத் தாழ்த்தினாள். அவள் இவ்வளவு நீளமாகத் தமிழ் பேசி நான் கேட்டுக் கன காலம்.

"நான் உங்களோடை வந்தா, நாளைக்கு என்ரை இடத்திலை வேறை ஒருத்தி இருப்பாள். அவளுக்கும் பெல்ற் இல்லை. அவளின்ரை அம்மா வங்கூவரிலை இருக்கிறா. அவ வந்து இதிலை இருப்பாவோ?"

என் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று வந்தவள் நான். ஓடியே பழகியவர்கள் நாங்கள். அவள் ஓடவில்லை என்கிறாள்.

"சரி. நீ வரவேண்டாம். ஆனா இந்த வானும் போகாது. ரெண்டு தரமாப் போகட்டும். ரேடியோ உள்ள வண்டி முன்னுக்குப் போகட்டும்."

இவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதர் தன் வாழ்நாளில் அதிகாரத்தில் இருந்த எவரையும் எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அவர் மெல்ல நடந்து வந்து, தூசைக் கையால் தட்டிவிட்டு, "கொஞ்சம் தள்ளி இரும்" என்றார். தள்ளி இடம் விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தார்.

வானுக்குள் எல்லோரும் எங்களுக்குக் கை தட்டினார்கள் என்று எழுத ஆசைதான். இல்லை. நடுகிற கன்றுக்குத்தான் அவர்களுக்குக் கூலி, நிற்கிற நேரத்துக்கு இல்லை. ஒரு பையன் சலித்துத் தலையைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டான். ஆனால் கயிறு கட்டிய இடத்தில் இருந்த பெண் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் இறங்கிக் கூல் பொக்ஸைத் தேடிப் போனார்கள்.

கைல் தன் வண்டியிலிருந்த ரேடியோவில் மேலிடத்தைக் கூப்பிட்டான். ஒரு கரகரத்த குரல். முகமில்லாத குரல். வெளியாட்கள் முகாமில் நிற்க அனுமதியில்லை, அந்த அம்மாவை அங்கிருந்து போகச் சொல் என்றது.

"அவருக்குச் சொல்" என்றேன் கைலிடம். "இது அரசாங்கக் காடு. நான் இந்த நாட்டுப் பிரசை. ஒரே இடத்தில் இருபத்தொரு நாள் இலவசமாக இருக்கலாம். நேற்றுத்தான் என் புருசனின் அட்டையைப் பரிசோதித்துச் சொன்னார்கள்."

கைல் என்னை ஒருதரம் பார்த்தான். பிறகு பொத்தானை அழுத்தி, மிக மரியாதையாகச் சொன்னான்: "இருபத்தொரு நாள் இருக்கப்போகிறாராம்."

ரேடியோவில் வேறு யாரோ, அந்த அலைவரிசையில் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்த ஒரு லொறிச் சாரதியாக இருக்கவேண்டும், சத்தமாகச் சிரித்தார்.

கடைசியில் அந்தக் குரல் சொன்னது: இன்றைக்கு இரண்டு நடையாகப் போங்கள், உன் வண்டி முன்னால் போகட்டும். ரேடியோ அடுத்த கிழமை.

7

ரொறன்ரோவுக்குத் திரும்பியபிறகு நான் ஏறாத படியில்லை, அதாவது அழுத்தாத பொத்தானில்லை. இந்த நாட்டில் அலுவலகப் படிகள் எல்லாம் ரெலிபோனுக்குள் இருக்கின்றன. ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்து, பிரெஞ்சுக்கு இரண்டை அழுத்து. கோபத்துக்கு எதை அழுத்துவது?

தொழிலாளர் விவகாரம் பார்க்கிறவர்கள் அது ரோட்டில் நடந்த விபத்து என்றார்கள். ரோடு பார்க்கிறவர்கள் அது நெடுஞ்சாலை இல்லை, காட்டு ரோடு என்றார்கள். காடு பார்க்கிறவர்கள், ரோட்டைப் பராமரிப்பது மரம் வெட்டுகிற கம்பெனி என்றார்கள். வெட்டுகிற கம்பெனி, நடுகிறவர்கள் வேறு கம்பெனி என்றது. நடுகிற கம்பெனியில் ஒரு பெண்குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று சொல்லிவிட்டு வயலின் வாசித்தது. எல்லோரும் பண்பாகத்தான் பேசினார்கள். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. ஊரில் என்றால் ஒரு கிளாக்கராவது சத்தம் போட்டிருப்பார். அதற்கு நாமும் சத்தம் போடலாம். இங்கே மென்மையான பஞ்சில் தலையை முட்டிக்கொண்டிருக்கவேண்டும்.

ஒருவர் மட்டும், இளைஞர், உண்மையான இரக்கத்தோடு கேட்டார்: "அவ்வளவு ஆபத்தென்றால் உங்கள் மகளை ஏன் அனுப்புகிறீர்கள்?"

இதைத்தான் வோபர்ன் மச்சாளும் கேட்டாள். அவளுக்குச் சொல்லாத பதில் அன்றைக்கு வாயில் வந்தது. பிள்ளைகள் போகக்கூடாது என்பதா பதில்? மரம் தேவை, கடதாசி தேவை, வீடு கட்டப் பலகை தேவை. அதை வெட்டி எடுக்க ரோடு போடத் தெரிந்தவர்களுக்கு, அந்த ரோட்டில் போகிற பிள்ளைகளுக்குப் பெல்ற் போடத் தெரியாதா? எங்களைப் போன்றவர்கள் ஒருமுறை ஓடிவந்தோம், காரணம் இருந்தது. ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஓடிக்கொண்டேயிருக்க ஏலாது. அவர் குறித்துக்கொள்வதாகச் சொன்னார். குறித்திருப்பார்.

இந்த வருடம் புறப்படும்போது தர்சினியிடம் நான் போகாதே என்று சொல்லவில்லை. மச்சாளுக்கு இது இன்னும் விளங்கவில்லை. எனக்கும் முழுதாக விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். இதோ, ஒரு கார் போகிறது. சடார். எழும்பிப் போய் யன்னலால் ரோட்டைப் பார்க்கிறேன்.

8

அன்றைக்கு முகாமில் தர்சினி இரண்டாவது நடையில் போகிறவள். முதல் நடை போனதும் முகாமில் ஒருசிலர்தான் மிச்சம். கைலின் வண்டி முன்னும் வான் பின்னுமாகக் கிளப்பிய தூசு மரங்களுக்கு மேலே வெகுநேரம் நின்றது. நாங்கள் மூன்று பேரும் தறப்பாளுக்குக் கீழே மீன் பொரியல் சாப்பிட்டோம். அவள் என்னோடு பேசவில்லை, ஆனால் பக்கத்தில்தான் இருந்தாள். நான் அவளுடைய தோளுக்கு எண்ணெய் பூசினேன். நோகுது என்று ஒருதரமும் சொல்லவில்லை.

அப்பாவிடம் மட்டும் கேட்டாள்: "நேற்று ரோட்டிலை உண்மையா என்ன நடந்தது?"

இவர் சொன்னார். விளக்கை அணைத்ததையும் சொன்னார். கையை விரித்து வைத்ததையும் சொன்னார். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் இவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்த உள்ளங்கையில் இலையான் வந்து வந்து இருந்தது, அவள் விரட்டி விரட்டி விட்டாள்.

கைலின் வண்டியும் வானும் திரும்பி வந்தன. மிச்சப் பிள்ளைகள் ஏறினார்கள். மண்வெட்டிகளை யாரோ கயிற்றால் கட்டியிருந்தார்கள். கைலாகத்தான் இருக்கவேண்டும். தர்சினி ஏறி, பெல்ற்றைக் கொழுவி, அது பிடிக்கிறதா என்று எனக்குத் தெரியும்படி ஒருதரம் இழுத்துக் காட்டினாள். கண்ணாடியை இறக்கினாள்.

"அம்மா, இனி இப்பிடி வராதேங்கோ. ஐ மீன் இற்."

"ரேடியோ எப்ப பூட்டுறாங்களாம்?"

"நெக்ஸ்ற் வீக் எண்டவங்கள்."

"அப்ப நெக்ஸ்ற் வீக் வாறன்."